முதலில் பெயரைக் கேட்க வேண்டும்

மூன்றாவது மணி அடித்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும் என்று சாய்நாத் சொல்லியிருந்தார். நிஷா மடியில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆழ்வார்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட அந்த வீட்டுத் தரகு நிறுவனத்துக்கு சாய்நாத்தான் மேலாளர். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் வைக்கும் தேர்வு ஒன்றே ஒன்று. முதல் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார். தேறினால் அன்றைக்கே வேலை.

இங்கே வருவதற்குள் அவள் இன்னும் இரண்டு இடங்களுக்குப் படியேறி இறங்கியிருந்தாள்.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்தவர் சம்பளம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. முடித்துக் கொடுத்தால் பாதி என்றார். அடையாறில் ஒரு கம்பெனி, சொந்தக்காரர்கள் ஐம்பது பேருடைய நம்பரைக் கொடு, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனைகளை அவர்கள் தலையில் கட்டலாம் என்றது. அவளுடைய சொந்தக்காரர்களிடம் மனை வாங்கப் பணம் இருந்தால் அவள் ஏன் வேலை தேடுகிறாள்?

இங்கேதான் மாதச் சம்பளம். அதைவிடப் பெரிய காரணம், மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் வீடுகளின் சாவிகள் இங்கே ஆணி ஆணியாகத் தொங்கின. ஐஸ் ஹவுஸில் அவள் அப்பா அம்மாவோடு வாடகைக்கு இருக்கும் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்துவிட்டால் இந்தச் சாவிகளில் ஒன்று நமக்குக் கிடைக்காமலா போகும் என்று அவள் நினைத்திருந்தாள்.

காலையில் சாய்நாத் வீடுகளின் பட்டியலைக் காட்டினார். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு இருந்தது. ஃபேமிலி மட்டும். வெஜ் மட்டும். சில இடங்களில் ‘நம்மவங்க’ என்று மட்டும் இருந்தது.

“எனக்கு ஒரு வித்தியாசமும் கெடையாதும்மா. ஓனர்ங்க கேக்கறாங்க, நாம என்ன பண்றது?” என்றார். நல்ல மனிதர்தான். அவளுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

முதலில் பெயரைக் கேட்க வேண்டும். பெயரிலேயே பாதி தெரிந்துவிடும். ஒத்துவராத பெயராக இருந்தாலும் இல்லை என்று மட்டும் சொல்லவே கூடாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலச் சொல்ல வேண்டும். வீடு கிடைக்காதவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தால், அதுதான் பாஸ்.

நிஷா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டும்போதே வெட்கமாக இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மணி அடித்தது. எடுத்தாள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, வணக்கம் என்றாள்.

மறுமுனையில் பேச்சில்லை. லைன் சரியில்லையோ என்று சாய்நாத் போனை எட்டிப் பார்த்தார். பிறகு வயதான ஒரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் டூ-லெட் போர்டு பார்த்ததாகவும், மூன்று பேர்தான் என்றும், வாடகையை மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியது.

இப்போது அவள் பெயரைக் கேட்க வேண்டும்.

வாய் வரவில்லை. சாய்நாத் விரலால் மேசையைத் தட்டினார். கேள், கேள் என்று கண்ணைக் காட்டினார். அவள் உதட்டைப் பிரித்தாள். வெறும் மூச்சுதான் வந்தது.

“நானே பேரைச் சொல்லிடறேன் மேடம். ஷாஹுல் ஹமீது. எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க” என்றது குரல். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. தடுமாறும் பிள்ளைக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பதுபோல இருந்தது.

சாய்நாத் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

“சாரி சார். அந்த வீட்டுக்குக் காலையிலதான் அட்வான்ஸ் வாங்கிட்டாங்க” என்றாள் நிஷா. தன் குரல் இவ்வளவு இனிமையாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

பரவாயில்லை அம்மா, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

சாய்நாத் முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியில் சாய்ந்தார். ஆறு மாதம் இருந்தவர்களுக்கே இந்தப் பக்குவம் வராது என்றார். அவளுடைய பயோடேட்டாவை இழுத்து, விசிட்டிங் கார்டுக்காகப் பெயரைப் பார்த்தார். எஸ். நிஷா என்று இருந்தது. எஸ் என்றால் அப்பா பெயர் என்ன என்று போகிறபோக்கில் கேட்டார்.

நிஷா மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“சுந்தரராமன், சார்.”

நாளைக்கு ஆதார் அட்டையைக் கேட்டாலே பல்லிளித்துவிடும் பொய். இருந்தும் நாக்கு முந்திக்கொண்டது. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

பைக்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. மேசைக்கடியில் வைத்துப் பார்த்தாள். ‘அத்தா’ என்று அவள் பதிந்து வைத்திருந்த அப்பாவின் எண்ணிலிருந்து செய்தி வந்திருந்தது.

“நல்லா பேசுனம்மா. வேலை கெடச்சிருச்சா?”