மூன்று சிரிப்பு

“ஆறாம் நம்பர் ஆரு?” என்று நேர்ஸ் பிள்ளை கேட்டதும், மசூர் தன் கையிலிருந்த நம்பர் துண்டைப் பெண்சாதியின் கையில் திணித்தான்.

“நீ போ றுகையா. ஏழாம் நம்பர் என்னட்ட இருக்கட்டும்.”

“ஆறு உங்கடதானே?”

“பொம்பிளையள் காத்துக் கிடக்கிறது சரியில்ல. போ.”

றுகையா அவனை ஒரு பார்வை பார்த்தாள். “எழும்பி ஓடிராதீங்க” என்றுவிட்டு உள்ளே போனாள்.

கல்முனையில் அந்தப் பல் டொக்டரிடம் அன்றைக்குச் சோடியாக வந்தது இவர்கள் மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஞானப்பல். றுகையாவுடையது ஒரு வருசமாக நோவுக்குக் கராம்பு வைத்துக் காலம் தள்ளுகிற பல். மசூருடையது சீழ் வைத்த பல். பதினைந்து நாளாகக் கஞ்சியைத் தவிர அவனுக்கு ஒன்றும் இறங்கவில்லை. குளிசை விழுங்கி வீக்கம் வற்றியிருக்கிற இந்த நேரத்தில் எடுத்தால்தான் உண்டு, விட்டால் திரும்ப வீங்கிக் கழுத்துக்கு இறங்கிவிடும் என்று டொக்டர் துசாந்தினி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மசூர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாவிதன்வெளி வயலுக்குள் யானை இறங்கினால் வெடியைக் கொளுத்திக்கொண்டு முன்னுக்கு ஓடுகிறவன். ஆனால் ஊசி என்று வந்துவிட்டால் அந்த மனிசனின் கால் தரையில் நிற்காது. போன மாதம் வேறொரு டொக்டரிடம் போனவன், ஊசியைக் கண்டதும், “கக்கூசுக்குப் போய்ட்டு வாறன்” என்று எழும்பி, ஜன்னலால் குதித்து, கழுத்தில் கட்டிவிட்ட பச்சைத் துணியோடு வீடு வந்து சேர்ந்தான். அந்தக் கோலத்தைக் கண்டது றுகையா மட்டும்தான். “வல்லாஹி, ஆருக்கும் சொல்ல மாட்டன்” என்று அவளிடம் சத்தியமும் வாங்கி வைத்திருந்தான்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மசூர் மெதுவாக எழும்பி மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்தான்.

அப்போதுதான் கேட்டது. கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. றுகையாவின் சிரிப்பு.

பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த சீனிமுகம்மது காக்கா காதைத் தீட்டிக்கொண்டார். “உள்ளுக்குப் பல்லுப் புடுங்குறாங்களா, கலியாணம் பேசுறாங்களா?”

மசூர் திறப்போடு அப்படியே நின்றுவிட்டான். பல் பிடுங்குகிற இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கதை கக்கூசுக்கு வந்துவிட்டது.

“என்ன தம்பி, முகம் கறுத்துப் போச்சு?”

“ஒண்டுமில்ல காக்கா.”

கொஞ்ச நேரத்தில் அடுத்த சிரிப்பு. முதல் சிரிப்பைவிட நீளம். நடுவில் டொக்டர் என்னவோ கேட்பதும் கேட்டது. சரி, இப்ப ஜன்னலால குதிச்சாச்சு என்று மசூர் நினைத்துக்கொண்டான்.

சீனிமுகம்மது காக்காவுக்கும் அது தொற்றிவிட்டது. பல்லில்லாத வாயால் அவர் சிரிக்கத் தொடங்க, இருந்த சனமெல்லாம் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தது. எல்லாரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று மசூருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மூன்றாவதாக ஒன்று வந்ததே, அது பேய்ச் சிரிப்பு. பச்சைத் துணியோடு வாசலில் வந்து நின்ற கட்டம் இது, சந்தேகமே இல்லை. மசூர் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

றுகையா கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வழிந்தது. சிரித்தால் அப்படித்தான் வழியும்.

“வல்லாஹி எண்டு சொன்னவள்தானே நீ?” என்று மசூர் பல்லைக் கடித்தான். கடித்ததில் உயிர் போய் வந்தது. “வீட்ட வா, கதைக்கன்.”

அவள் பஞ்சைக் கடித்தபடி, உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மசூர் விறுவிறென்று உள்ளே போய்க் கதிரையில் சாய்ந்தான்.

“போடுங்க டொக்டர் ஊசிய. அவள் சொன்னதெல்லாம் பொய். நான் ஜன்னல் பக்கம் பார்க்கிற ஆளே இல்ல.”

“எந்த ஜன்னல்?” என்றார் டொக்டர்.

மசூர் வாயைத் திறந்துகொண்டான். இருந்த கோபத்தில் ஊசி ஏறியதும் தெரியவில்லை, பல் வந்ததும் தெரியவில்லை.

டொக்டர் பல்லைத் தட்டில் போட்டார். “உங்களுக்கு ஒரு ஊசியிலயே நல்லா விறைச்சிட்டு. அவங்களுக்குத்தான் மூணு ஊசி போட்டும் பாதிதான் விறைச்சிச்சு.”

மசூர் வாய்க்குள் இருந்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டு கேட்டான். “அப்ப என்னத்துக்குச் சிரிச்சவள்?”

“மறுகா ஒரு நாளைக்கு எடுப்பம் எண்டுதான் நான் சொன்னன். ‘நான் பல்லோட வெளிய போனா அவரும் பல்லோட வீட்ட போயிருவாரு, இழுங்க டொக்டர்’ எண்டாங்க. தாங்க ஏலாட்டிக் கத்துங்க எண்டன். ‘கத்தினா அவருக்குக் கேக்குமே’ எண்டு சொல்லிப்போட்டு, நொந்த நேரமெல்லாம் சிரிச்சாங்க. மூணு தரம்.”

மசூர் வெளியே வந்தான். றுகையா ஐஸ் கட்டியைக் கன்னத்தில் வைத்தபடி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“நொந்திச்சா?” என்று கேட்டாள்.

இல்லையென்று தலையாட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“பொறகென்ன?” என்றாள் றுகையா. “நோகுமெண்டா நான் சிரிச்சிருப்பனா?”