ஏழாவது முதுகு

வடிவமைப்புக் கூடம் ஒன்றில் மாதிரி நாற்காலி இருந்தது. வருகிறவர்கள் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, குறை சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். வடிவமைப்பாளர் ரோஸ்லின் அதைக் குறித்துக்கொண்டு நாற்காலியின் முதுகை மறுபடி இழைப்பாள். நாள் முழுக்க அவள் உட்கார்ந்து வரைவதோ, ஒரு பழைய முக்காலியில்.

“உன்னைப் பத்தி ரோஸ்லின் என்ன சொல்லுவாங்க, அக்கா?” என்றது நாற்காலி.

“நான் இருக்கறதே அவங்களுக்கு ஞாபகமில்லை,” என்றது முக்காலி.

“கொடுத்து வச்சவ நீ. என்னை ஒருத்தரும் மறந்ததில்லை.”

ஏழாவது முறை இழைத்தபின் ரோஸ்லினே உட்கார்ந்து பார்த்தாள். அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசப் பேசச் செருப்பு நழுவியது. கால்கள் மேலே ஏறி மடங்கின. நாற்காலி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பேசி முடித்தவள், எதற்கு உட்கார்ந்தோம் என்பதையே மறந்து, முக்காலிக்குப் போனாள்.

வெகுநேரம் கழித்து நாற்காலி கேட்டது: “அவங்க அம்மா திரும்ப எப்ப கூப்பிடுவாங்க, அக்கா?”