ஒற்றைக் கையுறை

புயலில் படகும் வீடும் போன பிறகு, சகாயமேரிக்கு முகாமில் தொழில் பழக்கினார்கள். அங்கே கொடுத்த பயிற்சிக் கையுறையை மூன்று நாள் மாட்டியிருந்தால் போதும், கை தானாகவே ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும். முகாமில் பெண்கள் அதிகம், கையுறை குறைவு. அதனால் ஒரு ஜோடியை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இவளுக்கு வாய்த்தது இடது கைக்கானது.

அன்றுமுதல் எதற்கும் இடது கைதான் முந்தியது. கோயிலில் சிலுவை போடவும் அதுவே கிளம்பியது.

முதல் வேலை ஒரு பேக்கரியில். இங்கே நல்ல பெயர் எடுத்தால் கடைத்தெரு முழுவதும் கூப்பிடும். நின்றுபோயிருந்த ஃபிரிட்ஜை அரை மணி நேரத்தில் ஓடவைத்தாள். கடைக்காரி துளசி தட்டில் டீ கொண்டுவந்தாள். பாழாய்ப்போன இடது கை பாய்ந்து டம்ளரை எடுத்துக்கொண்டது.

"ஐயோ, தப்பா நெனைக்காதீங்கக்கா! மரியாதை தெரியாதவ இல்ல நான்."

துளசி கத்தியை எடுத்து ஒரு துண்டு கேக் வெட்டி நீட்டினாள். வெட்டியதும் இடது கை, நீட்டியதும் இடது கை.

"சாப்பிடு. நான் வெள்ள முகாம்லருந்து வந்தவ," என்று சிரித்தாள். "நீ எந்தப் புயல்?"