வேலிக்கு அந்தப் பக்கம்

"அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க, மேடம்."

"வைக்கறேன். இன்னும் நாலு போல்ட் இருக்கு, முடிச்சிட்டு வைக்கறேன்."

டங்கனுக்கு மூச்சு வாங்கியது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கடலுக்கு மேல் நிற்கும் டாரன்ட் முனையின் வேலி வரை ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். அலுவலக ஷூவோடு ஓடி வந்திருந்தான். இந்தக் கடற்கரைத் தேசியப் பூங்காவுக்கு அவன் மேலாளராகி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள், முனைக்குப் போகும் பாதையை மூடியிருக்கும் வேலியை யாரோ பிரிக்கிறார்கள் என்று காலையிலேயே போன்.

பிரித்துக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஆணிப்பை. பக்கத்தில் தள்ளுவண்டி நிறைய, அளவெடுத்து அறுத்த பலகைகள். அதை இந்த ஏற்றத்தில் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உங்க பேரு?"

"மெரில். தச்சு வேலை. கீழ ஊர்ல பாதி வீட்டுக்குக் கதவு நான் மாட்டினதுதான்."

"இது அரசாங்கச் சொத்து. கை வெச்சா கேஸ் வரும்."

"வரட்டும். போலீஸைக் கூப்பிடறதுன்னா ஸ்டேஷனுக்குப் போன் போடாதீங்க. சார்ஜண்ட் இந்நேரம் மீன் பிடிக்கப் போயிருப்பார். அந்தப் பாறை மேல ஏறினா அவர் தொப்பி தெரியும், கையைக் காட்டுங்க."

டங்கனுக்குச் சுருக்கென்றது. "விளையாட்டு இல்ல மேடம். ஏப்ரல்ல இங்க ஒரு பையன் விழுந்து செத்துப்போனான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"பத்தொன்பது வயசு. அதுக்கப்புறமும் இந்தப் பாதை வேணுங்கறீங்க."

"அவன் பாதையில விழல, மேனேஜரே." மெரில் திரும்பாமலே பேசினாள். "இதுக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு படி உளுத்துப் போச்சு. சரி பண்ணுங்கன்னு ஊரே எழுதிக் குடுத்தது. உங்க ஆபீஸ் மஞ்சள் நாடாவைக் கட்டிட்டுப் போயிடுச்சு. வர்றவங்க எல்லாம் நாடாவைச் சுத்தி விளிம்போரமா நடந்தாங்க. அவனும் நடந்தான்."

"நான் அப்ப இங்க இல்ல."

"இப்ப இருக்கீங்கல்ல. நாடா இருந்த இடத்துல வேலி. வேற என்ன மாறிடுச்சு?"

"வேலி போட்டா யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு அப்பால் பேச்சுக்குரல் கேட்டது. முனையிலிருந்து ஒரு தம்பதி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வேலி போய் முடிகிற இடத்தில் கடைசிக் கம்பத்துக்குப் பிறகு தரை இல்லை, கடல்தான். கணவன் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு காலை இந்தப் பக்கம் வீசினான். அவன் முதுகில் கட்டியிருந்த கூடைப்பையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

காலடி மண் சரிந்தது. சரளைக் கற்கள் உருண்டு கீழே போயின.

டங்கன் நின்ற இடத்திலேயே உறைந்தான். மெரில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடி, அந்த ஆளின் தோள்பட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுத்துத் தரையில் உட்காரவைத்தாள்.

"முதுகுல குழந்தை இருக்கு. ஞாபகம் இருக்கா?" என்றாள். குரல் உயரவே இல்லை.

அவன் முகம் வெளுத்திருந்தது. "திமிங்கலம் பாக்கணும்னு... எல்லாரும் இப்படித்தான் போறாங்க."

மெரில் வேலியில், ஏற்கெனவே போல்ட் கழற்றியிருந்த ஒரு பலகையைத் தள்ளிவிட்டாள். அவன் மனைவி அந்த இடைவெளி வழியாகக் குனிந்து வந்து, முதல் காரியமாகக் குழந்தையைப் பையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் இறங்கிப் போனார்கள்.

டங்கன் கடைசிக் கம்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் மெரில்.

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன், வேலியை இன்னும் நீட்டணும்."

"எதுவரைக்கும்? கடலுக்குள்ளயா? ஜூன் வந்தா திமிங்கலம் வரும், திமிங்கலம் வந்தா ஜனங்க வருவாங்க. நீங்க எத்தனை போர்டு வெச்சாலும் வருவாங்க. கால் வைக்க ஒழுங்கா ஒரு இடம் குடுங்களேன். பன்னெண்டு படி, எனக்கு ரெண்டு நாள் வேலை. பலகை என்னுது. கூலியும் வேண்டாம்."

"அனுமதி இல்லாம முடியாது, மேடம்."

"நான் உங்ககிட்ட அனுமதி கேக்கல."

குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வேலியிடம் போனாள். தெற்கத்திக் காற்று அவள் கோட்டை முதுகோடு ஒட்டவைத்தது. சட்டம், கேஸ், போலீஸ் எதுவும் இவளிடம் எடுபடவில்லை. மனசாட்சியையாவது தொட்டுப் பார்க்கலாம் என்று டங்கன் நினைத்தான்.

"சட்டத்தை விடுங்க. அந்தப் பையனோட அம்மா ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களைப் பத்தி யோசிச்சீங்களா? அவங்களுக்காகத்தான் இந்த வேலியே. ஆபீஸ்லேருந்து மூணு கடிதம் போட்டாச்சு, பதிலே இல்ல. எந்த நிலைமையில இருக்காங்களோ. அந்தம்மா முகத்தை நேருக்கு நேர் பாத்து, இந்தப் பாதையைத் திறக்கணும்னு உங்களால சொல்ல முடியுமா?"

மெரில் வேலையை நிறுத்திவிட்டு முதல்முறையாக அவனை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள்.

"தினமும் காலையில தலை வாரும்போது, கண்ணாடியில அந்த முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுத்தான் வர்றேன்."