வெள்ளை மான்

வெள்ளைக்காரத் துரை கட்டிய காலத்தில் அந்த விடுதிக்கு 'வொயிட் ஹார்ட்' என்று பெயர். 'ஹார்ட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் கலைமான்; பெயருக்கேற்ப பலகையில் ஒரு வெள்ளை மான் நின்றது. பிறகு அது ராணி விலாஸ் ஆனது, பாரத் லாட்ஜ் ஆனது, இப்போது ஹில் வியூ ரெசிடென்சி. அங்கே பேரர் வேலைக்குச் சேர்ந்து, பிற்பாடு அதையே விலைக்கு வாங்கிய மாசிலாமணிக்கோ, நினைவு தப்பத் தொடங்கியபின் முதல் பெயர் மட்டுந்தான் மிஞ்சியது. வெளியே போனால் ஆட்டோக்காரர்களிடம், "வொயிட் ஹார்ட்டுக்குப் போப்பா" என்பார். யாருக்கும் தெரியாது. இந்த மாதம் மூன்று முறை அவரைத் தேடி அலைந்த மனைவி ரோஜம்மாள், பலகையில் பழைய பெயரையே எழுதச் சொல்லிவிட்டாள். "ரூமுக்கு எவனும் வரமாட்டாம்மா" என்று மகன் போனில் கத்தினான். "வராட்டிப் போறான். உங்கப்பா வந்து சேர்ந்தாப் போதும்." பெயிண்டர் பெயரை எழுதி, பக்கத்தில் வெள்ளையாக ஓர் இதயத்தையும் வரைந்து வைத்தான். "ஹார்ட்டுன்னா இதயந்தானேக்கா?" அவள் திருத்தச் சொல்வதற்குள், பலகையைப் பார்த்துக்கொண்டே ஓர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. இறங்கிய மாசிலாமணி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ரோஜா, மான் எங்கடி?"

"மேயப் போயிருக்குங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொழுதுசாய வந்துடும். நீங்க உள்ள வாங்க."