நூற்றுப்பத்து கிலோ கூழ்

காலையில் யோகராஜ் ஆய்வுகூடத்தைத் திறந்து, விசிறியைப் போட்டு, நேற்றே நிறுத்துத் தட்டில் வைத்திருந்த, காகிதம் செய்யும் இறப்பர் மரக்கூழ்த் தூளை அமிலத்தில் கொட்டினான். கண் கதவிலேயே இருந்தது. கூட வேலை செய்யும் தர்மிளாவிடம் நேற்று, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தான். அவள் வந்தாள், அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினாள்.

கூழ் அமிலத்தில் கரைந்து சீனியாகும்; அந்தச் சீனியை அளந்து, மரத்திலிருந்து எவ்வளவு கூழ் கிடைத்தது என்று கணிப்பது அவர்கள் வேலை. மதியம் கணக்கைப் பார்த்த யோகராஜ் துள்ளினான்.

"நூறு கிலோ மரத்துல நூத்திப்பத்து கிலோ கூழுங்க!"

"மரத்தை விடக் கூழ் கூடவா? பலாங்கொடை ஊரே சிரிக்கும்."

"அப்ப இவ்வளவு சீனி எப்படி வந்துச்சு?"

தர்மிளா தலையில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, நேத்து போறப்ப அந்தத் தூள் மேல சிவப்புச் சீனியால 'சரி'ன்னு எழுதி வச்சேனே! என் பதிலையே அமிலத்துல கரைச்சிட்டீங்களா?"