சாப்பிடும் பக்கங்கள்

"முதல் வாய் நாக்கு நுனியில கூச்சப்பட்டு நிக்குது. ரெண்டாவது வாய், மாப்பிள்ளை மாதிரி உரிமையா உள்ள வந்து உக்காந்துடுது!"

மனைவி நீட்டிய கரண்டியை உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடியபடி சொன்னார் கியூசிக். எதிரே நின்ற கேமராக்காரர் எச்சில் விழுங்கிய சத்தம் மைக்கிலேயே பதிவாகியிருக்கும்.

தென்கொரியாவின் ஜோன்ஜு நகரத்துச் சாப்பாட்டைத் தின்று காட்டியே யூடியூபில் பேர் வாங்கியவர் அவர். மனைவி மியோங்ஜா சமைப்பாள், அவர் சாப்பிட்டு வர்ணிப்பார். ஆள் பெரிய படிப்பாளியாம் என்று கேள்விப்பட்டு, உள்ளூர் டிவியின் புத்தக நிகழ்ச்சிக்காரர்கள் இன்று அவர் அலமாரியைப் படம் பிடிக்க வந்திருந்தார்கள்.

"உப்பு எப்படி, ஹேரின் அப்பா?" மகள் பெயரைச் சொல்லித்தான் மியோங்ஜா அவரைக் கூப்பிடுவாள்.

"இன்னும் ஒரு கரண்டி."

உப்பில் ஊறிய குட்டி இறாலை அள்ளி, கொதிக்கிற முளைப்பயறு சூப்பில் போட்டாள். கலக்கியவள், தன் நாக்கில் ஒரு சொட்டுக்கூட வைக்காமல் மறுபடி அவர் வாயருகே நீட்டினாள். கண் அவர் முகத்தைவிட்டு அகலவில்லை.

"இப்போ?"

"ம்... இன்னும் துளி."

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க," என்றாள் நிகழ்ச்சி நடத்தும் பெண் சுல்பி. "எங்க வீட்ல நானே சமைச்சு நானே பாராட்டிக்கணும். சரி, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது?"

கியூசிக் ஒரு தடித்த துப்பறியும் நாவலை உருவினார். பாதிப் பக்கங்களின் மூலைகள் மடிந்திருந்தன.

"இதுல இன்ஸ்பெக்டர் மாட்டெலும்பு சூப் குடிக்கிறார் பாருங்க. ரெண்டு பக்கம்! அடடா!"

"கொலைகாரன் யாரு சார்?"

"தெரியலைங்க. அவன் எங்கேயும் சாப்பிடல."

சுல்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப காதல் கதை?"

"ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சா பக்கத்தைத் தள்ளிடுவேன். ஹோட்டலுக்குப் போனா உக்காந்து படிப்பேன்."

கதை எழுதுகிறவன் எவனாவது கேட்டிருந்தால் பேனாவை மூடிவிட்டுப் பெட்டிக்கடை வைக்கப் போயிருப்பான்.

கியூசிக்கும் சிரித்தார். ஆனால் அந்த வாசிப்பின் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டையே படுக்கையில் போட்ட தொற்றுநோய் பரவிய அந்த வருடத்துக் காய்ச்சல், அவர்களுடைய சின்ன ஹோட்டலை மூடவைத்ததோடு அவர் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. காரமான கிம்ச்சி ஊறுகாயும் ஒன்றுதான், நனைந்த காகிதமும் ஒன்றுதான்.

அதனால் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்தவர்கள் ருசித்ததைப் படித்து மனப்பாடம் செய்தார். அந்த மாப்பிள்ளைகூட ஏதோ ஒரு குடும்ப நாவலின் கல்யாண விருந்திலிருந்து வந்தவர்தான். எப்போதும் 'சரியா இருக்கு' என்றால் சந்தேகம் வருமே என்று, அவ்வப்போது 'இன்னும் கொஞ்சம்' என்பார்.

சூப் பாக்கெட் விற்கும் கம்பெனி ஒன்று அட்டையில் அவர் முகத்தைப் போடப்போகிறது. இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்கள். ஹேரினின் படிப்பும் வீட்டு வாடகையும் அந்த முகத்தை நம்பித்தான் இருந்தன. செத்த நாக்கு என்று வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு. மியோங்ஜாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. யாருக்காகச் சமைக்கிறோம் என்று அவள் உடைந்துபோவாளே என்ற பயம்.

"பேசினது போதும். சாப்பிடும்மா," என்று கிண்ணத்தை சுல்பியின் முன்னால் வைத்தாள் மியோங்ஜா.

சுல்பி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். முகம் அப்படியே நின்றது. பெரியவர்கள் வீட்டில் துப்பவா முடியும்? கண்ணில் நீர் கோக்க விழுங்கினாள்.

"ரொம்ப... நல்லா இருக்கு அக்கா."

"அப்ப இன்னொரு கரண்டி ஊத்தவா?"

"ஐயோ, வேணாம்! அக்கா, தப்பா நினைக்காதீங்க. உப்பு... வாயிலயே வைக்க முடியல."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் மெதுவாக லென்ஸை மியோங்ஜாவின் பக்கம் திருப்பினார். அவள் கை கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. ஹோட்டல் நடத்திய கை. சமைக்கத் தெரியாதவள் என்று நாளைக்கு ஊரே சிரிக்கும்.

கியூசிக் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாப்பிள்ளையும் பிழைத்திருப்பார், பாக்கெட்டும் பிழைத்திருக்கும்.

"இங்க திருப்புங்க," என்றார் கேமராக்காரரிடம். "அவ மேல தப்பில்லை. உப்பு போடச் சொன்னது நான். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த ருசியும் தெரியாது. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் புத்தகத்துல படிச்சது."

சுல்பி ஸ்பூனைக் கீழே வைத்தாள். சூப் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடு, ஹேரின் அம்மா. உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

மியோங்ஜா அடுப்பை அணைத்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்காவது ருசி தெரியுதேன்னு நம்பிக்கிட்டிருந்தேனே!"